ஹாம்பர்க் கிராமத்துப் பெண்கள் தைத்த பீடம்

வணக்கம். வழக்கமாக ஊசியைக் கையில் வைத்துக்கொண்டுதான் உங்களோடு பேசுவேன். இன்று ஊசி மேசையிலேயே இருக்கட்டும். நான்கு மீட்டருக்கும் அதிகமான உயரமும், கதவுகளை விரித்தால் ஏறக்குறைய ஏழு மீட்டர் அகலமும் கொண்ட ஒரு தையல் வேலையைப் பற்றி இன்று பேசப்போகிறேன். சுமார் நூற்று முப்பது பேர் 2005ஆம் ஆண்டில் செய்து முடித்த கெய்ஸ்காமா பீடம் அது. பீடம் என்று இங்கே நான் சொல்வது, தேவாலயத்தில் பலிபீடத்துக்குப் பின்னால் நிறுத்தும், கதவுகளால் மூடித் திறக்கும் சித்திரப் பலகைகளை. நான் அதை நேரில் பார்த்ததில்லை. படங்களைப் பெரிதாக்கி, ஒவ்வொரு பலகையாகப் பல இரவுகள் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் மாகாணத்தில், கெய்ஸ்காமா ஆறு இந்தியப் பெருங்கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் இருக்கிறது ஹாம்பர்க் என்னும் கிராமம். ஜெர்மானியத் துறைமுகத்தின் பெயர் ஆப்பிரிக்கக் கடற்கரைக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். கிரிமியப் போருக்காகத் திரட்டிய ஜெர்மானியப் படைவீரர்களைப் பிரிட்டிஷ் அரசு 1850களின் பிற்பகுதியில் அந்தப் பகுதியில் குடியேற்றியது; அவர்கள் விட்டுச்சென்ற பெயர் அது. ஊரில் வாழ்பவர்கள் பெரும்பாலும் சோசா மொழி பேசும் மக்கள். நிறவெறி ஆட்சிக் காலத்தில் இந்த நிலம் சிஸ்கை என்ற பெயரில் கறுப்பினத்தவருக்கென ஒதுக்கப்பட்ட வறண்ட துண்டுகளில் ஒன்றாக இருந்தது. உள்ளூரில் வேலை கிடையாது. ஆண்கள் சுரங்கங்களையும் நகரங்களையும் தேடிப் போனார்கள், பெண்கள் ஊரில் தங்கினார்கள்.

2000ஆம் ஆண்டில் கரோல் ஹாஃப்மெயர் என்ற மருத்துவர் அங்கே குடியேறினார். அவர் ஓவியக் கலையும் பயின்றவர். வருமானமில்லாத பெண்களுக்கு ஏதேனும் ஒரு கைத்தொழில் வேண்டும் என்ற எண்ணத்தில்தான் தையல் வகுப்புகளைத் தொடங்கினார். இங்கிலாந்திலிருந்து வந்த எம்பிராய்டரிக் கலைஞர்கள் தையல் வகைகளைக் கற்றுக்கொடுத்தார்கள். சில ஆண்டுகளிலேயே அந்தப் பெண்கள் 120 மீட்டர் நீளத்துக்கு, அந்த மண்ணின் ஆதிக்குடிகளான சான் மக்களின் காலம் தொடங்கி 1994ஆம் ஆண்டின் முதல் மக்களாட்சித் தேர்தல் வரையிலான கிழக்கு கேப் வரலாற்றைத் துணியில் தைத்துவிட்டார்கள். அதற்கு முன்மாதிரியாக எடுத்துக்கொண்ட பிரான்சின் பேயோ துணிச்சித்திரம் சுமார் எழுபது மீட்டர்தான். (இரண்டையும் ‘டேப்பஸ்ட்ரி’ என்றே அழைக்கிறார்கள். டேப்பஸ்ட்ரி என்றால் தறியில் நெய்வது. இவை இரண்டும் ஊசியால் தைத்தவை. தையல்காரியாகிய எனக்கு இந்தப் பெயர்க் குழப்பம் ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது.) அந்த நீளத்துணி கேப் டவுனில் நாடாளுமன்றக் கட்டடத்தில் இடம்பிடித்தது. 2022 ஜனவரியில் அந்தக் கட்டடத்தில் பெருந்தீ பரவியபோது அது தப்பியது.

பள்ளிப் பாடநூலில் தங்கள் முன்னோரைத் தோற்றவர்களாக மட்டுமே படித்த பெண்கள், அந்த வரலாற்றைத் தாங்களே பேசித் தீர்மானித்துத் தைத்தார்கள் என்பதை நான் கல்வி என்றே சொல்வேன். ஆனால் இன்று நான் பேச விரும்புவது அதற்கு அடுத்து நடந்ததைப் பற்றி.

தையல் கூடத்துக்கு வரும் பெண்கள் ஒவ்வொருவராக மெலிந்தார்கள். எய்ட்ஸ் நோய் வீடுகளுக்குள் வந்துவிட்டது, ஆனால் அதன் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்றைய குடியரசுத் தலைவர் தாபோ எம்பெக்கியின் அரசு, எச்.ஐ.வி. கிருமிதான் எய்ட்ஸுக்குக் காரணம் என்பதையே சந்தேகித்துக்கொண்டிருந்த காலம் அது. நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர்.டி. என்று சொல்லும், எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டுமருந்துச் சிகிச்சையை அரசு மருத்துவமனைகளில் தரும் திட்டத்துக்கு அங்கே 2003இன் இறுதியில்தான் ஒப்புதல் கிடைத்தது. 2004இல்தான் மாத்திரைகள் வரத் தொடங்கின. இந்தத் தாமதத்தால் 2000க்கும் 2005க்கும் இடையில் 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டார்கள். ஹாஃப்மெயர் கிராமத்திலேயே நோயாளிகளைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் மையத்தை உருவாக்கினார். அதன் பெயர் ‘உம்தா வெலாங்கா’, கதிரவனின் கதிர் என்று பொருள்.

இந்தச் சூழலில்தான் அவர் இசென்ஹைம் பீடத்தின் படத்தைத் தையல் கூடத்துக்குக் கொண்டுவந்தார். ஜெர்மானிய ஓவியர் மத்தியாஸ் க்ரூனெவால்ட் 1512க்கும் 1516க்கும் இடையில் வரைந்தது அது. இப்போது பிரான்சின் கோல்மார் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் அருங்காட்சியகத்துக்காக வரைந்ததல்ல. இசென்ஹைமில் புனித அந்தோணியார் சபைத் துறவிகள் நடத்திய மடத்தில், பூஞ்சை பிடித்த ரை தானியத்தை உண்டு கைகால் கருகி எரிச்சலில் துடித்தவர்களுக்கு மருத்துவமும் நடந்தது. அந்த நோயாளிகளின் கண்முன் நிறுத்துவதற்காக வரைந்தது. சிலுவையில் தொங்கும் இயேசுவின் உடலெங்கும் அவர்களுடைய புண்கள். தன் நோய் தெய்வத்தின் மேனியிலும் இருப்பதைக் கண்ட நோயாளிக்கு, தான் ஒதுக்கப்பட்டவன் என்ற எண்ணம் சற்றேனும் தணிந்திருக்கும். மருந்தில்லாத காலத்து மருத்துவமனைக்கு வரைந்த ஓவியத்தை, மருந்து வந்து சேராத ஒரு கிராமத்துக்கு முன்மாதிரியாகத் தேர்ந்தெடுத்தார் ஒரு மருத்துவர் என்பது என்னை மிகவும் யோசிக்க வைத்தது.

ஹாம்பர்க் பெண்கள் அதை அப்படியே நகலெடுக்கவில்லை. மூலத்தைப் போலவே கதவுகள் உண்டு, மூடியும் திறந்தும் மூன்று காட்சிகள் உண்டு. மூடியிருக்கும்போது நடுவில் சிலுவை இருக்க வேண்டிய இடத்தில் விதவைக் கோலத்தில் ஒரு சோசாப் பெண் நிற்கிறாள், சுற்றிலும் தாய் தந்தையை இழந்த குழந்தைகள். இரு பக்கமும் புனிதர்கள் நின்ற இடங்களில் அந்த ஊரின் மூதாட்டிகள். கீழே, இயேசுவை அடக்கம் செய்யும் காட்சிக்குப் பதிலாக, எய்ட்ஸால் இறந்த உள்ளூர் இளைஞன் ஒருவனின் இறுதிச் சடங்கு. முதல் கதவைத் திறந்தால் துக்கம் விலகி ஊர் விரிகிறது: பறவைகள், மீன்கள், மாடுகள், மரம், கடற்கரை மணல்மேடுகள். மணலில் ஓடி ஓடியே கோலம்போல் வடிவங்களை உண்டாக்கி, அதையே தன் வழிபாடாகக் கொண்ட ஓர் ஊர்க்காரரையும் அதில் தைத்திருக்கிறார்கள்.

கடைசிக் கதவைத் திறந்தால் தையலே பின்வாங்கிவிடுகிறது. ஆளுயரப் புகைப்படங்களில் மூன்று பாட்டிகள், பேரக் குழந்தைகளோடு. சுற்றிலும் மணிவேலைப்பாடு இருக்கிறது, ஆனால் கண் அதில் நிற்பதில்லை. பெற்ற பிள்ளைகளைப் புதைத்துவிட்டுப் பேரப் பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிகள்தான் அந்தப் பீடத்தின் கருவறையில் நிற்கிறார்கள்.

2006 ஆகஸ்டில் கனடாவின் டொரண்டோவில் உலக எய்ட்ஸ் மாநாடு நடந்தது. அங்கே தென்னாப்பிரிக்க அரசின் அரங்கில் பூண்டும் எலுமிச்சையும் பீட்ரூட்டும் அடுக்கியிருந்தார்கள். இவை எய்ட்ஸுக்கு நல்லவை என்பது அன்றைய சுகாதார அமைச்சரின் நம்பிக்கை. உலகமே சிரித்தது, பலர் கொதித்தார்கள். அதே நாட்களில், அதே நகரத்தின் புனித யாக்கோபு பேராலயத்தில் ஹாம்பர்க் பெண்களின் பீடம் நின்றது. ஒரே நாடு ஒரே நோயைப் பற்றி ஒரே ஊரில் இரண்டு விதமாகப் பேசியது. எதில் உண்மை இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் இங்கே ஒன்றைக் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘கலை குணமாக்கும்’ என்ற சொற்றொடரை இப்போது எங்கும் கேட்கிறோம். அந்தப் பீடம் எச்.ஐ.வி.யைக் குணமாக்கவில்லை, கூட்டுமருந்து உயிர்களைக் காத்தது. தையல் தந்தவை வேறு. கூலி வந்தது, அதனால் மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்க வேண்டியிருக்கவில்லை. பல பெண்கள் ஒரே துணியைச் சுற்றி உட்கார்ந்து, இன்னொருத்தியின் மகன் இறந்த கதையை ஊசிமுனையில் பின்தொடரும்போது, வீட்டில் மறைத்த நோயின் பெயர் அங்கே வெளியே வந்தது. பெயர் வெளியே வந்தால்தான் பரிசோதனைக்குப் போக முடியும். மருந்தைப் பிரித்துவிட்டுப் பீடத்தை மட்டும் புகழ்வது, பீட்ரூட் அரங்கின் பக்கத்து வீட்டுக்குக் குடிபோவதற்குச் சமம். ஹாஃப்மெயர் இரண்டையும் ஒரே கையால் செய்தார் என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

அந்தப் பெண்கள் துக்கத்தோடு நின்றுவிடவுமில்லை. 2010இல், போரின் கொடுமையைக் காட்டும் பிக்காசோவின் குவெர்னிகா ஓவியத்தை அதன் அளவிலேயே துணியில் திரும்பச் செய்தார்கள். மருந்து வந்த பிறகும் கிழக்கு கேப்பின் அரசு மருத்துவமனைகள் இருந்த நிலையின் மீதான கோபம் அது. பீடத்தில் விதவை நிமிர்ந்து நிற்கிறாள்; இங்கே யாரும் நிமிர்ந்து நிற்கவில்லை. எனக்குத் தனிப்பட்ட முறையில் இதுதான் அதிகம் பிடிக்கும், ஆறுதல் சொல்ல மறுப்பதால்.

2022 செப்டம்பரில், பல இடங்களில் சிதறியிருந்த இந்தப் படைப்புகளை ஜோகன்னஸ்பர்க்கின் கான்ஸ்டிடியூஷன் ஹில்லில் ஒன்றுசேர்த்தார்கள். நிலவைப் போல் மடிந்து எழுவது என்று பொருள்படும் சோசாத் தொடர்தான் அந்தக் கண்காட்சிக்குத் தலைப்பு. அந்த வளாகம் முன்பு சிறையாக இருந்தது. இப்போது நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம் அங்கேதான் இருக்கிறது. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவாமல் தடுக்கும் மருந்தை எல்லா அரசு மருத்துவமனைகளிலும் தர மறுத்த அரசுக்கு எதிராக 2002இல் தீர்ப்புச் சொன்ன அதே நீதிமன்றம்.

அடுத்த காணொளியில் கேப் டவுனை ஒட்டிய கயேலிட்சாவில் 2002இல் எச்.ஐ.வி.யோடு வாழ்ந்த பெண்கள் வரைந்த உடல்வரைபடங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒருத்தி பெரிய தாளில் படுத்துக்கொள்ள, இன்னொருத்தி அவள் உடலின் விளிம்பை வரைவாள். பிறகு அந்தக் கோட்டுக்குள் தன் தழும்புகளையும் கிருமியையும் மருந்தையும் அவளே வண்ணத்தில் இடுவாள். அதுவரை, பீடத்தின் நடுவில் நிற்கும் அந்த விதவையின் முகத்தைப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தையல் எந்தத் திசையில் போகிறது என்று கருத்துப்பெட்டியில் எழுதுங்கள்.