சித்திகளோடு கமலா சொன்ன இன்னொரு பெயர்

அடுத்த கேள்வி ஒரு கல்லூரி மாணவி அனுப்பியது. "2020-இல் துணை அதிபர் வேட்பாளராகப் பேசியபோது கமலா ஹாரிஸ் தன் குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். அதில் 'சித்திகள்' என்ற சொல் வந்ததை நாம் எல்லோரும் கொண்டாடினோம். அதே பேச்சில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவும் தன் குடும்பம் என்றாரே, அது என்ன? அதை முதலில் நடத்திய பெண்கள் யார்?"

இதை யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தேன் அம்மா. அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவிகள் சேர்ந்து அமைக்கும் சங்கத்துக்கு சொராரிட்டி என்று பெயர். பெரும்பாலும் கிரேக்க எழுத்துகளில் பெயர் வைப்பார்கள். கமலா படித்த ஹோவர்ட் பல்கலைக்கழகம் வாஷிங்டனில் இருக்கிறது. அங்கேதான் 1908 ஜனவரி 15 அன்று ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா பிறந்தது. கறுப்பினப் பெண்கள் தொடங்கிய முதல் சொராரிட்டி அது. எதெல் ஹெட்ஜ்மன் என்ற மாணவிதான் தோழிகளைத் திரட்டினார். மொத்தம் ஒன்பது பேர். தலைவியானவர் லூசி டிக்ஸ் ஸ்லோ, அந்த வருடம் தன் வகுப்பிலேயே முதலாவதாகத் தேறியவர். பின்னால் 1917-இல் கறுப்பின வீரர்களுக்கான தேசிய டென்னிஸ் போட்டியில் பட்டம் வென்றார். 1922-இல் அதே ஹோவர்டுக்கு மாணவிகளின் முதல் டீனாகத் திரும்பி வந்தார்.

ஆனால் நான் விரிவாகச் சொல்ல விரும்புவது அதே சங்கத்தைச் சேர்ந்த நெல்லி குவாண்டரைப் பற்றி.

1912 கடைசியில் சங்கத்தில் இருந்த மாணவிகள் பெயர், நிறம், இலட்சிய வாசகம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றார்கள். அதே வருடம் பட்டம் வாங்கி வெளியே போயிருந்த குவாண்டர் சம்மதிக்கவில்லை. அவருக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. பள்ளி ஆசிரியை. மாற்றும் எண்ணத்தைக் கைவிடுங்கள் என்று கெடு வைத்தார். மாணவிகளும் விட்டுக்கொடுக்கவில்லை. இருபத்திரண்டு பேர் பிரிந்து போய் 1913 ஜனவரி 13 அன்று டெல்டா சிக்மா தீட்டா என்ற புதுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். குவாண்டர் பதினாறே நாளில், ஜனவரி 29 அன்று, பழைய சங்கத்தைச் சட்டப்படி பதிவு செய்துவிட்டார். என்னைக் கேட்டால், அந்தச் சங்கத்தைக் காப்பாற்றியது இந்தப் பதிவுதான். மாணவர் சங்கத்தில் வருடா வருடம் ஆட்கள் பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள். இன்று இருப்பவர்கள் நினைத்தால் நேற்றைய பெயரே இல்லாமல் போகலாம். பதிவு செய்த பிறகு அது ஒரு வளாகத்தோடு நிற்கவில்லை, சிகாகோவில் கிளை வந்தது.

இதற்காகப் பிரிந்து போனவர்களைக் குறைத்து நினைத்துவிடாதீர்கள். அந்த வருடம் மார்ச் 3 அன்று வாஷிங்டனில் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு மாபெரும் ஊர்வலம். கறுப்பினப் பெண்கள் கடைசியில் நடக்கட்டும் என்று சொல்லப்பட்ட காலம். அந்த ஊர்வலத்தில் டெல்டா பெண்கள் நடந்தார்கள், கறுப்பினப் பெண்களின் உரிமைக்காகப் போராடிய மேரி சர்ச் டெரலும் உடன் வந்தார். ஊர்வலத்துக்குச் சில வாரம் முன்பு, அதை ஏற்பாடு செய்த ஆலிஸ் பாலுக்கு ஒரு கடிதம் போயிருந்தது. ஹோவர்ட் மாணவிகள் கலந்துகொள்ள விரும்புகிறார்கள், இன பேதம் பார்ப்பதாக இருந்தால் வர மாட்டோம், கல்லூரிப் பெண்களின் வரிசையில் நல்ல இடமாகக் கொடுங்கள் என்று கேட்டது அந்தக் கடிதம். எழுதியவர் யார் தெரியுமா? நெல்லி குவாண்டர்தான். சங்கம் உடைந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

அப்புறம், டெல்டாவின் முதல் தேசியத் தலைவியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டவர் மாணவி. பெயர் சேடி டானர் மொசல், திருமணத்துக்குப் பின் சேடி அலெக்சாண்டர். 1919-இல் பொறுப்புக்கு வந்தார். தலைவியாக இருக்கும்போதே 1921-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். அமெரிக்காவில் பொருளாதாரத்தில் அந்தப் பட்டம் வாங்கிய முதல் கறுப்பினப் பெண் அவர். படிப்புக்கேற்ற வேலைதான் கிடைக்கவில்லை. வட கரோலினாவில் கறுப்பினத்தவர் நடத்திய காப்பீட்டு நிறுவனத்தில் வேலைக்குப் போனார். பிறகு பிலடெல்பியாவுக்கே திரும்பி வந்து, அதே பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1927-இல் பட்டம் வாங்கினார். அங்கே சட்டப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணும் அவர்தான். 1946-இல் அதிபர் ட்ரூமன் குடிமை உரிமைகளுக்காக அமைத்த குழுவில் அவரையும் சேர்த்துக்கொண்டார்.

சரி, அடுத்த கேள்வியைப் பார்ப்போம்.