ஏரியில் இறங்கியவர்கள்

எல்லோருக்கும் வணக்கம். மேடையில் யாரோ மண்பானையில் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். சரி, பேச்சை இதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? கசிகிற ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. நம் உடம்பும் ஒரு பானைதான். வியர்வைதான் அதன் கசிவு. ஆனால் புழுக்கமான நாளில், காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால், பானை அவ்வளவாகக் குளிராது, கவனித்திருப்பீர்கள்.

கிம் ஸ்டான்லி ராபின்சன் 2020-இல் எழுதிய 'தி மினிஸ்ட்ரி ஃபார் த ஃபியூச்சர்' என்ற அறிவியல் புனைகதையின் முதல் அத்தியாயம் முழுக்க இதுதான். உத்தரப் பிரதேசத்தில் ஒரு சிற்றூர். வெயிலும் புழுக்கமும் சேர்ந்து ஏறுகின்றன, கரண்ட் போய்விடுகிறது. நிவாரணப் பணிக்கு வந்த ஃபிராங்க் என்கிற அமெரிக்கர் தன் இடத்தில் ஜெனரேட்டர், ஏசி வைத்துக்கொண்டு ஆட்களை உள்ளே சேர்க்கிறார். துப்பாக்கியோடு சில இளைஞர்கள் வந்து இரண்டையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். போகும்போது ஒருவன், இதற்கெல்லாம் காரணமே நீதான் என்று ஃபிராங்க் முகத்துக்கு நேராகச் சொல்கிறான்.

அப்புறம் ஊரே ஏரியில் இறங்குகிறது. தண்ணீர் உடம்பைவிடச் சூடாக இருக்கிறது. விடிந்து பார்த்தால் ஃபிராங்கைத் தவிர யாருமில்லை. நாவலின் கணக்கில் அந்த வெப்ப அலைக்குப் பலி 2 கோடிப் பேர்.

மிகைப்படுத்துகிறார் என்று நினைத்தால், ஒரு தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிப் பாருங்கள். அது காட்டுவதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். வியர்வை எவ்வளவு தூரம் குளிர்விக்க முடியும் என்பதன் அளவு அது; சாதாரண வெயில் கணக்கு அல்ல. அது 35 டிகிரியைத் தொட்டால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான மனிதரும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க மாட்டார் என்பது 2010-இல் வந்த கணக்கு. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களையே அன்றாட வேலை அளவுக்கு லேசாக உடம்பை அசைக்க வைத்துச் சோதித்தார்கள். புழுக்கமான சூழலில் சுமார் 31 டிகிரியிலேயே அவர்கள் உடம்பு திணற ஆரம்பித்துவிட்டது. இது 2022-இல், அதாவது நாவல் வந்த பிறகு. கதாசிரியர் கொஞ்சம் தாராளமாகவே எல்லை போட்டிருக்கிறார்!

அதற்குப் பிறகு நாவல் ஜூரிச்சுக்குப் போகிறது. மேரி மர்ஃபி தலைமையில் வருங்காலத் தலைமுறைகளுக்காகப் பேசும் ஓர் அமைப்பு, ஓயாத கூட்டங்கள், கரியமில வாயுவைப் புதைப்பவர்களுக்கு மத்திய வங்கிகள் தரும் கார்பன் நாணயம். பாதி இடங்களில் கூட்டக் குறிப்பேட்டைப் படிப்பது போலிருக்கும். எனக்கு அது பிடித்திருந்தது. உலகம் மாறுவது பெரும்பாலும் அப்படிச் சலிப்பூட்டும் அறைகளில்தானே. இதற்கிடையே இந்தியா யாரையும் கேட்காமல் விமானங்களை அனுப்பி, வெயிலில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்புவதற்காக, வானத்தில் கந்தக டை ஆக்சைடைத் தூவுகிறது. 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை அதைத்தான் செய்தது. உலகம் அரை டிகிரி அளவுக்குக் குளிர்ந்தது. விதிமீறல் என்று மற்ற நாடுகள் கத்துகின்றன. பிணங்களை எண்ணிய நாட்டிடம் போய் விதி பேசினால் எடுபடுமா?

எனக்கு ஒரு குறை உண்டு. இந்த நாவலில் சூரியன் தன் கதையைச் சொல்கிறது, ஒரு கார்பன் அணு சொல்கிறது. வெப்ப அலையின் நினைவோடு அலையும் ஃபிராங்க், ஓர் இரவு மேரியையே அவர் வீட்டில் மடக்கி, நீங்கள் செய்வது போதாது என்று மல்லுக்கட்டுகிறார். ஏசியைத் தூக்கிக்கொண்டு போன அந்தப் பையன் மட்டும் திரும்பி வரவில்லை. அந்த ஏசியை அவன் யார் வீட்டுக்குக் கொண்டுபோனான்?