ஃபிளை ஆஷ் கல் சுவர் ஏன் வெடிக்குது?

(காட்சி: தராசு. பக்கத்தில் செங்கல் ஒன்று, சாம்பல் நிறக் கல் ஒன்று.)

வணக்கம். இந்தச் சாம்பல் நிறக் கல்லுதான் ஃபிளை ஆஷ் கல்லு, அதாவது அனல்மின் நிலையச் சாம்பல்ல செய்யறது. இது இன்னிக்கு உங்க சைட்ல வந்து இறங்குதுன்னா, அதுக்குப் பின்னாடி ஒரு அரசாணை இருக்கு. 1999 செப்டம்பர் 14-ல, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ மத்திய அரசு போட்டது. ஒரு பக்கம் செங்கல் சூளைக்காக வயல்ல மேல்மண்ணை வழிச்சு எடுத்துட்டுப் போறாங்க. இன்னொரு பக்கம் அனல்மின் நிலையத்துல சாம்பல் மலையா குவியுது. ரெண்டுக்கும் சேர்த்து ஒரே முடிச்சு. மின் நிலையத்துலேர்ந்து 50 கிலோமீட்டருக்குள்ள செங்கல் அறுத்தா, எடையில 25 சதவீதமாவது சாம்பல் கலக்கணும்னு அந்த ஆணை சொல்லுச்சு.

அந்த வட்டம் அப்புறம் 100 கிலோமீட்டர் ஆச்சு, 2016-ல 300 ஆச்சு. 2021 டிசம்பர் ஆணை இன்னும் கறார்: சாம்பல் முழுசும் பயன்பட்டாகணும், தேங்கி நிக்கற டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு. சாம்பலை வச்சிருக்கறதே செலவுன்னு ஆனா, மின் நிலையம் அதைத் தள்ளிவிடத்தானே பார்க்கும்?

சரி, சட்டம் கல்லைக் கொண்டுவந்து இறக்கிடுச்சு. கட்டற விதத்தை அது சொல்லித் தரல. கோளாறெல்லாம் அங்கதான்.

(காட்சி: அச்சிலிருந்து கல் வெளியே வருகிறது.)

செங்கல்லு சூளையில வெந்து கெட்டியாகுது. இதைச் சுடறதே இல்ல. சாம்பல், குவாரி டஸ்ட் (கல் உடைக்கற இடத்துத் தூள்), அதோட சுண்ணாம்பும் ஜிப்சமும், இல்லேன்னா சிமெண்ட். மெஷின்ல அழுத்தி எடுத்து, தண்ணி விட்டு விட்டுத்தான் இறுகணும். மூணு வாரமாவது ஆகும். ஆர்டர் நெருக்கடியில ஒரே வாரத்துல லாரி ஏத்திட்டா, மீதிச் சுருக்கம் உங்க சுவருக்குள்ள நடக்கும். ஜாயிண்ட்டை ஒட்டியே படிக்கட்டு மாதிரி விரிசல் ஓடும்.

அதனால இறக்கும்போதே பாருங்க. ஆணியால கீறினா மாவு கொட்டக் கூடாது. நல்லா காஞ்ச கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணியில போட்டு, துடைச்சிட்டு மறுபடி எடை போடுங்க. 3 கிலோ கல்லு 3.6 கிலோவைத் தாண்டினா திருப்பி அனுப்பலாம், இந்தக் கல்லுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 12894 சாதாரண ரகத்துக்குத் தர்ற வரம்பு 20 சதவீதம்தான்.

(காட்சி: தண்ணீர்த் தொட்டி, அதன் மேல் சிவப்புக் குறுக்குக்கோடு.)

செங்கல்லு மாதிரி இதைத் தொட்டியில ஊறப்போடாதீங்க. பழக்கதோஷத்துல நிறைய கொத்தனார் செய்யறது இதான். ஊறின கல்லு கலவைத் தண்ணியை இழுக்காது, சுவர் ஏற ஏற வழுக்கும். பிறகு காயும்போது சுருங்கும். மேலாக் கொஞ்சம் தெளிச்சா போதும். கலவை 1:6 (ஒரு பங்கு சிமெண்ட், ஆறு பங்கு மணல்), ஜாயிண்ட் 10 மில்லிமீட்டர், ஒரு நாளைக்கு நாலடிக்கு மேல ஏத்த வேண்டாம். பீமுக்கு அடியில வர்ற கடைசி வரியை அன்னிக்கே இறுக்காம, சுவர் உக்காந்த பிறகு அடைங்க.

பூச்சு வேலையில, கல்லு மொழமொழன்னு இருக்கறதால பிடிமானம் குறைவு. ஜாயிண்ட் கலவை ஈரமா இருக்கும்போதே 10 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி விட்டுடுங்க. கான்கிரீட் தூணும் சுவரும் சேர்ற இடத்துல, பக்கத்துக்கு ஆறு அங்குலம் விழற மாதிரி கோழிவலை அடிச்சிட்டுப் பூசுங்க. வலையோட விலையைப் பார்த்து விட்டுட்டா, பெயிண்ட் அடிச்ச மறு வெயில்லயே அந்த இடத்துல நேர்கோடா ஒரு பிளவு தெரியும்.