சொல்யூஷன் வாடையும் கால் மரத்துப் போறதும்: சந்தேகத்துக்கு விளக்கம்

ஆம்பூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "ஷூ கம்பெனியில பேஸ்டிங் செக்‌ஷன்ல வேலை. ரெண்டு மாசமா ரெண்டு கால் விரலும் மரத்துப் போகுது. வாடை பழகிடுச்சு, மாஸ்க்கும் போடறேன். அப்படியும் சொல்யூஷனால (ஒட்டுற பசையால) வருமா? எவ்வளவு வரைக்கும் சேஃப்?"

வரும், தம்பி. ரெண்டு கால்லயும் ஒரே மாதிரி, விரல் நுனியில ஆரம்பிச்சிருக்கு. அப்ப முதல்ல சந்தேகப்பட வேண்டியது என்-ஹெக்ஸேன், அதாவது பசையில கலக்குற, சீக்கிரம் ஆவியாகுற கரைப்பான். மூச்சுல போறதை ஈரல் 2,5-ஹெக்ஸேன்டையோன்ங்கிற விஷமா மாத்துது. அது நீளமான நரம்போட நுனியைத்தான் முதல்ல கெடுக்கும். அதான் கால் விரல். போகப்போக பாதம் தொங்கி, செருப்பு கழண்டு கழண்டு போகும். சர்க்கரையாலயும் இப்படி மரத்துப் போகும், அதையும் டெஸ்ட் பண்ணிடுங்க.

டப்பா மேல ஹெக்ஸேன்னு எழுதியிருக்காமப் போகலாம். சூப்பர்வைசர்கிட்ட எஸ்.டி.எஸ். தாள் (கெமிக்கலோட பாதுகாப்பு விவரத் தாள்) கேளுங்க. 3-வது பகுதியில 110-54-3ங்கிற கெமிக்கல் அடையாள நம்பர் இருந்தா அதேதான். கூடவே எம்.இ.கே. (மெத்தில் எத்தில் கீட்டோன்ங்கிற இன்னொரு கரைப்பான்) இருந்தா ஆபத்து கூடுதல். அது தனியா நரம்பை இப்படிக் கெடுக்காது, ஆனா ஹெக்ஸேனோட விஷத்தை ஏத்திவிடும்.

அளவுக்கு வருவோம். வேலை செய்யற இடத்துக் காத்துல ஹெக்ஸேன் வரம்பு 8 மணி நேர சராசரி 50 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்துல 50 பங்கு), அதாவது ஒரு கன மீட்டர் காத்துல 176 மில்லிகிராம். அமெரிக்காவுல ஓஷா (தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு) சட்டத்துல இன்னும் 500னு இருக்கு. அது பழைய கணக்கு, நரம்புக்குத் தாங்காது. அங்கேயே நியோஷ்ங்கிற ஆராய்ச்சி அமைப்பு சொல்றது 50தான். ஓவர்டைம் சேர்த்து 12 மணி நேரம் நின்னா, 25ஆ குறைச்சுக்கணும். வேலை நேரம் கூடுது, உடம்பு அதை வெளியேத்துற நேரம் குறையுதுல்ல?

50ங்கிறது ரொம்பச் சின்ன அளவு. 12 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரத்துக்கு ஒரு மூடின ஹால். அதுல ஒரு டம்ளர்கூட வேணாம், 100 மில்லி ஹெக்ஸேன் ஆவியானாலே 50 வந்துடும். உங்க முன்னாடி வாய் திறந்து, பிரஷ் ஊறிட்டிருக்கிற டப்பாவை நினைச்சுப் பாருங்க.

வாடையை வச்சுக் கணக்குப் போடாதீங்க. மூக்குக்குத் தெரியறதுக்குள்ளயே அளவு தாண்டியிருக்கலாம். துணி மாஸ்க், என்95 ரெண்டுமே தூசிக்குத்தான், ஆவி நேரா உள்ள போகும். ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் (கரைப்பான் ஆவியைப் பிடிக்கிற டப்பி) வச்ச மாஸ்க் வேணும், கார்ட்ரிட்ஜை நாள் கணக்கு வச்சு மாத்தணும். அதைவிட முக்கியம் எக்ஸாஸ்ட். இந்த ஆவி காத்தைவிட 3 மடங்கு கனம். மேல் சுவத்து ஃபேன் அதை உங்க முகத்தைத் தாண்டித்தான் இழுக்கும். டேபிள் மட்டத்துலயே, ஒட்டுற இடத்துக்கு அந்தப் பக்கமா உறிஞ்சணும். டப்பாவுக்கு மூடி போடுங்க. கையில ஒட்டின பசையைத் தின்னரால கழுவாதீங்க.

இப்ப உடனே ஈ.எஸ்.ஐ.யில நரம்பு டாக்டரைப் பாருங்க. எஸ்.டி.எஸ். தாளைக் கையில கொண்டு போங்க, நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட் (நரம்பு எவ்வளவு நல்லா வேலை செய்யுதுன்னு அளக்கிறது) கேளுங்க. அதுவரைக்கும் பேஸ்டிங் டேபிள் வேணாம், வேற செக்‌ஷன் கேளுங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க: விலகின பிறகும் ரெண்டு மூணு மாசம் மரப்பு கூடிட்டே போகலாம், இந்த நோயோட குணமே அதுதான். "நிறுத்தியும் குறையலையே, அப்ப காரணம் சொல்யூஷன் இல்ல"ன்னு மறுபடி அந்த டேபிளுக்குப் போயிடாதீங்க.