விழுந்து முளைக்கிற பல்தானே?

நேயர்களுக்கு வணக்கம். பக்கத்தில் சின்னக் குழந்தை இருந்தால் மேல் உதட்டை லேசாகத் தூக்கிப் பாருங்கள். முன்பற்களில், ஈறை ஒட்டி, சுண்ணாம்பு தீற்றியது போல வெள்ளைக் கோடு தெரிகிறதா? சொத்தை அப்படித்தான் தொடங்கும்.

திருவாரூர்ப் பக்கம் பல் மருத்துவராக இருந்தபோது நடந்தது. சம்பா நடவு நேரம். ஒரு அம்மாச்சி நாலு வயதுப் பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். கன்னம் வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது. ஒரு மாதமாகவே குழந்தை ஒரு பக்கமாகத்தான் மென்றிருக்கிறாள். அம்மாச்சியும் கிராம்பை நசுக்கி வைத்து, சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டியிருக்கிறார். "ஏம்மா இத்தனை நாள்?" என்று கேட்டுவிட்டேன். "விழுந்து முளைக்கிற பல்லுதானே டாக்டர்? அவ அம்மா நடவுக்குப் போறா, முடியட்டும்னு இருந்தோம்" என்றார். வீக்கம் வடிந்த பிறகுதான் பல்லைப் பிடுங்க முடிந்தது. அதற்கு இன்னொரு நடை, இன்னொரு பஸ் செலவு.

அதே வாரம் கடைத்தெருவிலிருந்து ஒரு பையன் வந்தான். அவனுக்கும் அதே பல்லில்தான் சொத்தை. புள்ளியாக இருக்கும்போதே அழைத்து வந்துவிட்டார்கள், அடைத்து அனுப்பினேன். மிட்டாய் இரண்டு பேரும்தான் தின்றார்கள். பல் போனது அவளுக்கு மட்டும்.

கடைவாய்ப் பால் பல் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியது. மறுபடியும் சொல்கிறேன், பத்து, பன்னிரண்டு வயது வரை. முன்னாலேயே போனால் அடுத்து வரும் பல்லுக்கு இடம் நெருங்கிவிடும்.

அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு தடவை மருத்துவக் குழு வந்து பல்லையும் பார்க்க வேண்டும் என்பது 2013-இல் வந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. ஆனால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி எழுதித் தரும் சீட்டு, ஒரு நாள் கூலியை விட முடியாத வீட்டில் கூரையில் செருகியபடியே இருக்கும். வெள்ளி கலந்த ஃபுளூரைடு மருந்து ஒன்று இருக்கிறது. ஊசி வேண்டாம், குடைய வேண்டாம். தடவினால் பெரும்பாலும் சொத்தை மேலே பரவாமல் நிற்கும், அந்த இடம் மட்டும் கறுக்கும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அதை அங்கன்வாடித் திண்ணையிலேயே தடவலாம். இதைத்தான் பல வருடமாகக் கேட்டு வருகிறேன்.

நேரமாகிவிட்டதாகக் கை காட்டுகிறார்கள். பற்பசை பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். சரி, அளவை மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஃபுளூரைடு உள்ள பற்பசை, மூன்று வயதுக்குள் ஒரு அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு. ராத்திரி துலக்கிய பிறகு சர்க்கரைப் பால் வேண்டாம். வணக்கம்.