புரியாத சொல்லும் பொருளற்ற சொல்லும்

நேயர்களுக்கு வணக்கம்.

"ஏழு என்னும் எண் இப்போது உறங்குகிறது" என்று ஒருவர் சொன்னால், எழுவாயும் பயனிலையும் முறைப்படி அமைந்திருந்தும், அதை மெய்யென்றோ பொய்யென்றோ நம்மால் தீர்மானிக்க இயலாது. "முயலுக்குக் கொம்பு உண்டு" என்பது அப்படியன்று. அதற்குத் தெளிவான பொருள் இருப்பதால்தான் அதைப் பொய் என்கிறோம்.

1920-களில் வியன்னாவில் கூடிய மெய்யியலாளர் வட்டம் இந்த வேறுபாட்டைக் கூர்மையாக்கியது. தருக்கமும் கணிதமும் நீங்கலாக, அனுபவத்தால் சரிபார்க்க வழியில்லாத கூற்று பொருளற்றது என்றனர் அவ்வட்டத்தினர். அவர்களுள் ஒருவரான கார்னாப், ஜெர்மன் மெய்யியலாளர் ஹைடெக்கர் 1929-இல் ஆற்றிய உரையில் 'இன்மை' ஏதோ வினை புரிவதுபோலப் பேசியதை எடுத்துக்கொண்டு, "வெளியே ஒன்றுமில்லை" என்னும் எளிய மறுப்பைப் பெயராக்கி எழுவாயாக நிறுத்தியதே பிழை என்று வாதிட்டார். அந்த வாதம் இன்றும் வலிமையானதாகவே எனக்குப் படுகிறது. ஆனால், அவர்கள் வகுத்த விதியை எந்த அனுபவத்தால் சரிபார்ப்பது? இதற்குச் சொல்லப்பட்ட விடைகள் எவையும் எனக்கு நிறைவளிக்கவில்லை.

மொரிசியசில் வாழும் நமக்கு இது ஏட்டளவில் நிற்கும் கேள்வியன்று. வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளைகள், கோவிலில் ரோமன் எழுத்தில் அச்சிட்ட தாளில் விரலை ஓட்டியபடி சிவபுராணம் பாடுகிறார்கள். பொருள் தெரியாத வெறும் ஒலி என்று சிலர் வருந்துவதுண்டு. பாடும் பிள்ளைக்கு விளங்காவிட்டாலும், அச்சொற்களின் பொருள் அவற்றை வழங்கிவந்தோர் வழக்கில் நிலைத்திருக்கிறது. அருகில் இருப்பவர் கிரியோலில் எடுத்துச் சொன்னால் விளங்கிவிடும். ஏழு உறங்குவதை எந்த மொழியிலும் விளக்க முடியாது.

கடினமான இடம் அந்தப் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. "மாற்றம் மனங்கழிய நின்ற மறையோனே" என்று, சொல்லையும் மனத்தையும் கடந்தவனை மாணிக்கவாசகர் அழைக்கிறார். பேச இயலாததைப் பற்றி மௌனம் காக்க வேண்டும் என்று, 1921-இல் வெளிவந்த தம் நூலை ஆஸ்திரிய மெய்யியலாளர் விட்கென்ஸ்டைன் முடித்தார். மாணிக்கவாசகரோ "சொல்லற்கு அரியானைச் சொல்லி" என்று தொடர்கிறார். "மறையோனே" என்பது விளி, கூற்றன்று. ஆகவே சரிபார்க்கும் விதி அதைத் தொடாது என்று நான் விடை சொல்லலாம். ஆனால் அது முழு விடையாகாது. "கடந்து நின்றான்" என்னும் கூற்று ஒன்று அந்த விளிக்குள் அடங்கியிருக்கிறது, அதைச் சரிபார்க்க நமக்கு வழியுமில்லை. இருந்தும் அதை உறங்கும் எண்ணோடு ஒரே வகையில் சேர்க்க என்னால் இயலவில்லை; ஏனெனில் தன் சொற்கள் எந்த இடத்தில் நின்றுபோகின்றன என்பதை அந்த வரி தானே சொல்லிவிடுகிறது.