அரபிக்கடலுக்குள் தூங்கும் குழாய்: தூத்தூர்காரர் வலையில் சிக்கினால் என்ன செய்வது?

[திரையில்: கரையை விட்டுக் கிளம்பும் விசைப்படகு]

வணக்கம் மக்களே! நம் குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளைக்காரர்கள் சுறாவுக்கும் சூரைக்கும் தூண்டில் போடுகிற அரபிக்கடல் இருக்கிறதே, அந்தத் தூண்டிலெல்லாம் எட்டாத ஆயிரம் மீட்டர் ஆழத்தில் ஆள் உயரக் குழாய்கள் தூங்கிக்கொண்டிருக்கின்றன. பத்து நாளைக்கு ஒருமுறை முழித்து மேலே வரும். செயற்கைக்கோளுக்குச் சேதி சொல்லும். மறுபடியும் முங்கிவிடும். யாரோ நம்மை உளவு பார்க்கிறார்களா என்று கேட்காதீர்கள். அது சொன்ன சேதியை நாகர்கோவில் டீக்கடையில் உட்கார்ந்து, பைசா செலவில்லாமல் நீங்களே போனில் பார்க்கலாம். உளவுக்காரன் இப்படிச் செய்வானா?

இந்தக் குழாய்கள் பல நாடுகளும் பல்கலைக்கழகங்களும் கைகோத்துக் கடலில் விட்டவை. ஆனால் பல்கலைக்கழகங்களின் பன்னாட்டு ஒத்துழைப்பு என்றால் நம் ஊரில் என்ன? வாசலில் ஒரு பிளெக்ஸ் பேனர். வெளிநாட்டுப் பேராசிரியருக்குப் பொன்னாடை, கைகுலுக்கல், புரிந்துணர்வு ஒப்பந்தம், மதியம் பிரியாணி. மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் அந்த பேனர் யார் வீட்டுக் கோழிக்கூட்டுக்கோ கூரையாகியிருக்கும். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள், எனக்கு இங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் குழாய்த் திட்டத்தின் பெயர் ஆர்கோ. வரலாற்றை வேகமாக முடித்துவிடுகிறேன். 2000 வாக்கில் மிதவைகள் என்கிற இந்தக் குழாய்களைக் கடலில் விட ஆரம்பித்தார்கள், 2007இல் 3000 ஆனது, இன்றைக்குச் சுமார் 4000. 30க்கும் மேற்பட்ட நாடுகள் மிதவை போட்டிருக்கின்றன. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனம், வாஷிங்டன் பல்கலைக்கழகம், பிரான்சின் கடல் ஆராய்ச்சி நிறுவனமான இஃப்ரமேர், நம் பக்கம் ஹைதராபாத்தில் இருக்கிற கடல் தகவல் மையமான இன்காய்ஸ் எல்லாம் இதில் உண்டு. வரலாறு முடிந்தது.

[திரையில்: மிதவையின் குறுக்குவெட்டுப் படம்]

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். இந்தக் குழாய்க்கு இன்ஜின் கிடையாது, விசிறி கிடையாது. அப்புறம் எப்படி ஏறி இறங்குகிறது? அடியில் ஒரு ரப்பர் பை இருக்கிறது. உள்ளே இருக்கிற எண்ணெயை பம்ப் அந்தப் பைக்குள் தள்ளினால் பை உப்பும். எடை அதேதான், ஆனால் அது அடைக்கிற இடம் கூடிவிட்டது. அதனால் மேலே கிளம்பும். எண்ணெயை உள்ளே இழுத்துக்கொண்டால் இறங்கும். குளச்சலில் மீன் அறுக்கும்போது வயிற்றுக்குள்ளே காற்றுப்பை பார்த்திருப்பீர்களே, அதே தந்திரம். மீன் கோடிக்கணக்கான வருடமாகச் செய்ததை நம் ஆட்கள் இப்போதுதான் எட்டிப் பிடித்திருக்கிறார்கள்.

ஆயிரம் மீட்டரில் ஒன்பது நாள் போல நீரோட்டத்தோடு போகும். பிறகு 2000 மீட்டருக்கு இறங்கி, அங்கிருந்து மேலே வருகிற வழியெல்லாம் தண்ணீரின் வெப்பத்தையும் உப்பையும் அளந்துகொண்டே வரும். மேலே வந்ததும் தான் எங்கே இருக்கிறோம் என்று ஜிபிஎஸ் பார்த்து, கணக்கை ஒப்படைத்துவிட்டு மறுபடியும் கீழே. பேட்டரி தாங்குகிற நாலைந்து வருடமும் இதே வேலை. லீவு இல்லை, சம்பள உயர்வு இல்லை. இதற்கு முன்னால் பெரும்பாலும் கப்பல் போன பாதையில்தான் ஆழ்கடலை அளக்க முடிந்தது. குளிர்காலத்தில் தென்துருவக் கடலுக்கு யார் கப்பல் ஓட்டுவார்கள்?

சரி, இதில் ஒத்துழைப்பு எங்கே வருகிறது? இங்கேதான். ஆராய்ச்சிக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு: "நான் முதலில் பேப்பர் போட்டுக்கொள்கிறேன், அப்புறம் டேட்டா தருகிறேன்." அந்த அப்புறம் வரவே வராது. ஆர்கோவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. யார் காசில் வாங்கிய மிதவையாக இருந்தாலும், அனுப்பிய கணக்கு 24 மணி நேரத்துக்குள் உலகத்துக்கே திறந்துவிடப்படும். பிழை திருத்திய பதிப்பு பிறகு வரும், அதுவும் இலவசம். நம் ராஜாக்கமங்கலத்தில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம் இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளையும் ஸ்கிரிப்ஸில் முப்பது வருடம் பழுத்த பேராசிரியரும் திறப்பது ஒரே கோப்புதான். சிபாரிசுக் கடிதம் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். ஒரு குழாயின் விலையோ பல லட்சம் ரூபாய்! என்னைக் கேட்டால், ஆயிரம் கைகுலுக்கல் போட்டோவை விட இந்த 24 மணி நேர விதி பெரிது. நான் சொல்வது தப்பென்றால் கமெண்டில் வந்து சண்டை போடுங்கள்.

குமரி மாவட்டத்துக்கு இதனால் என்ன லாபம் என்றால், ஒரே வார்த்தை: ஒக்கி. 2017 நவம்பர் 29, 30. தாழ்வு மண்டலமாக இருந்தது ஒரே நாளில் புயலாகி, கடலில் இருந்தவர்களை வாரிக்கொண்டு போனது. புயலுக்குத் தீனி கடலின் சூடு. மேல்பரப்புச் சூட்டைச் செயற்கைக்கோள் பார்த்துவிடும், அதற்குக் கீழே எவ்வளவு ஆழத்துக்குச் சூடு இருக்கிறது என்பதை இந்த மிதவைகள் போய்த் தொட்டுப் பார்த்துச் சொல்லும். ஆனால் கணக்கு ஹைதராபாத்தில் இருந்தால் போதுமா, படகுக்கு வர வேண்டாமா? இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகமும் குசாட் என்கிற கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, திருவனந்தபுரம் பக்கத்து மீனவர்களோடு உட்கார்ந்து முன்னறிவிப்பை எப்படிச் சொன்னால் உதவும் என்று வேலை பார்த்தார்கள். கேரள எல்லையில் இருக்கிற நம் நீரோடிக்கு அடுத்த கடற்கரைதான். எல்லையைத் தாண்டி இந்தப் பக்கமும் கொஞ்சம் வாருங்களேன் என்று சத்தமாகவே கேட்கிறேன்.

கடைசியாக, கடலுக்குப் போகிற அண்ணன்மார்களுக்கு ஒரு விஷயம். வலையில் இது சிக்கினாலோ கரையில் ஒதுங்கிக் கிடந்தாலோ தயவுசெய்து உடைத்துப் பார்க்காதீர்கள். உள்ளே லித்தியம் பேட்டரி, அழுத்தமும் ஏறியிருக்கலாம், வெடிக்க வாய்ப்பு உண்டு. மேலே ஒட்டியிருக்கிற சீட்டையும் எண்ணையும் போட்டோ எடுத்து, மீன்துறை அலுவலகத்திலோ கடலோரக் காவல் நிலையத்திலோ சொல்லுங்கள். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டால் கிலோவுக்கு என்ன தேறப் போகிறது? ஏற்கனவே யாராவது போட்டிருந்தால் கமெண்டில் விலையை மட்டும் சொல்லுங்கள், பெயர் கேட்க மாட்டேன்.